நாலு விரல் தடம்

ஜூன் 10, திங்கள்

எனக்கு எழுத்து தெரியாது. கைநாட்டுதான். நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களும் நடந்ததைச் சொல்ல வேண்டும், அதுவும் எங்கள் ஆராய்ச்சியில் சேரும் என்றார் டாக்டர் எஸ்தரம்மா. நான் சொல்லச் சொல்ல எழுதுவதற்குப் புஷ்பராணி என்று ஒரு பிள்ளையை விட்டிருக்கிறார். என் பேச்சை அது புத்தகத் தமிழாகத் திருத்திக்கொள்கிறது. ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன். திருத்தினால் அது அவர்கள் பேச்சாக இருக்காது.

என் பெயர் அடைக்கலம். ஊர் சிவகங்கைப் பக்கம். வயது எழுபத்தொன்று. என் மகள் மலர்க்கொடிக்கு முப்பத்தொன்று. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ரத்தம் சுரப்பதை நிறுத்திவிட்டதாம். கிணறு இருக்கிறது, ஊற்று அடைத்துக்கொண்டது என்று டாக்டரம்மா சொன்னார். பொருத்தமான வேறு ஆளின் மஜ்ஜையை எடுத்து ஏற்றினால் பிழைப்பாள். இல்லாவிட்டால் எத்தனை நாள் என்று கேட்டேன். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

கூடப்பிறந்தவர்களிடம்தான் முதலில் தேடுவார்களாம். கொடிக்கு மூத்தது ஒன்று பிறந்து பதினோராம் நாளே போய்விட்டது. தாயும் போய் ஆறு வருசம்.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சா தாத்தா?" என்றது புஷ்பராணி.

"ஆச்சு. முடிஞ்சும் போச்சு."

காலையில் இட்லி ஒன்றரை. காய்ச்சல் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

இன்று முழுக்க வம்சம் சொன்னேன்.

எங்கள் ஊரில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் முறை கேட்பார்கள். இன்னாருக்கு இன்னார் பங்காளியா, மாமன் மச்சானா. பங்காளி என்றால் ஒரே ரத்தம், அண்ணன் தங்கை, கட்டக்கூடாது. மாமன் மச்சான் என்றால் வேறு ரத்தம், பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். ஏழு தலைமுறைக்கு எனக்கு மனப்பாடம். ஒரு தடவையும் தெரியவில்லை என்று சொன்னதில்லை.

டாக்டரம்மா ஒரு பெரிய தாளை விரித்துப் படம் போட்டார். கட்டம் ஆண், வட்டம் பெண். நடுவில் கோடு கல்யாணம். சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் ரெட்டைக் கோடு. எழுத்து தெரியாத எனக்கே அரைமணி நேரத்தில் அந்தப் படம் படிக்க வந்துவிட்டது. எங்கள் தாளில் ஒற்றைக் கோட்டைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

"உங்களை மாதிரிக் குடும்பங்களைத்தான் எட்டு வருஷமா தேடிட்டிருக்கேன்," என்றார். "கூடப்பிறந்தவங்க இல்லாதவங்களுக்குத் தூரத்து உறவுல பொருத்தம் கிடைக்குமான்னு பாக்குறது என் வேலை. வெளியில கட்டுற குடும்பத்துல கிடைக்காது. உங்ககிட்ட கிடைக்கலாம்."

என் மகளுக்கு வந்ததும் சொந்தத்தில் கட்டினதாலா என்று கேட்டேன். இந்த நோய் அப்படி வருவதில்லை, வேறு சில ரத்த நோய்கள் வரும் என்றார். அப்படியானால் சொந்தத்தில் கட்டியது கெடுதலா, நல்லதா? எனக்குப் பிடிபடவில்லை.

கொடிக்குப் போட்ட கோட்டைப் பார்த்து, "மாப்பிள்ளை பேரு?" என்றார்.

"பேரு வேண்டாம்மா. வெட்டிப் போட்டாச்சுன்னு போடுங்க."

கட்டத்தை வெறுமையாக விட்டு, கோட்டின் குறுக்கே இரண்டு சாய்வுக் கோடு இழுத்தார். தீர்த்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளமாம். சரியாகத்தான் இருந்தது. போன தை மாதம் ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்த்துவிட்டேன். கை நீட்டுகிறவன் வீட்டில் என் பிள்ளை இருக்க வேண்டியதில்லை.

ஜூன் 19, புதன்

பங்காளிகள் பதினாலு பேரை வேன் வைத்துக் கூட்டிவந்துவிட்டான் என் தம்பி சின்னையா. ஒரே ரத்தம், யாராவது ஒருத்தருக்குப் பொருந்தாமலா போகும். வந்தவர்கள் மஜ்ஜைக்கு மட்டுமல்ல, அன்றாடம் ஏற்றுகிற ரத்தத்துக்கும் கையை நீட்டினார்கள்.

"வேண்டாம். சொந்தக்காரங்க ரத்தம் ஏத்தக்கூடாது," என்றார் டாக்டரம்மா. "இப்ப ஏத்தினா, பின்னாடி உங்க மஜ்ஜையை அவ உடம்பு எதிர்க்கும். ரத்தம் யாருன்னு தெரியாத ஆளுதான் குடுக்கணும்."

வெளியே வந்து சின்னையா என்னைப் பிடித்துக்கொண்டான். "ஏண்ணே, சொந்தக்காரன் ரத்தம் ஆகாதாம், சொந்தக்காரன் மஜ்ஜைதான் ஆகுமாம். எலும்பு ஒரு சாதி, ரத்தம் ஒரு சாதியா?"

"எனக்கென்னடா தெரியும்."

"ஒனக்கே தெரியலைன்னா ஊர்ல எவனுக்குத் தெரியும்."

என் ரத்தத்தையும் சோதித்திருந்தார்கள். பாதிதான் பொருந்துகிறதாம். பெற்றவனுக்கே பாதி. மீதிப் பாதி அவள் அம்மா வழி என்றார்கள். கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

நேற்று கட்டிலை விட்டு இறங்கும்போது கொடிக்குத் தலை சுற்றியது. சாயப்போனவளை மேல்கையைப் பிடித்துத் தாங்கினேன். பலமாக இல்லை. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற பிடிதான்.

இன்று காலை சிஸ்டர் ஊசி போடச் சட்டைக் கையை ஏற்றினார். மேல்கையில் நாலு நீலம், வரிசையாக. உள்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று.

"யாரு இப்படிப் பிடிச்சது?"

"யாரும் பிடிக்கல சிஸ்டர்," என்றாள் கொடி.

"பிளேட்லெட் இவ்வளவு கம்மியா இருந்தா தொட்டாலே கன்னிப்போகும். இனிமே கையைப் பிடிக்காதீங்க தாத்தா. முதுகோட அணைச்சுத் தூக்குங்க."

சிஸ்டர் போனபிறகு என் கையை அந்தத் தடத்தின் மேலே, படாமல், வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன தீபாவளிக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தபோதும் அதே இடத்தில் நாலு. அதைப் பார்த்துத்தான் நான்

மீதியை நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பை ரத்தம் ஏறியது. இட்லி ஒன்று.

ஜூலை 2, செவ்வாய்

பங்காளிகள் பதினாலு பேரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை.

டாக்டரம்மா தாளை மறுபடி விரித்து, என் தங்கை பெரியநாச்சியின் வட்டத்தில் பேனாவை வைத்தார். பெரியநாச்சியைக் கட்டியிருப்பவன் என் மனைவியின் தம்பி வீரணன். நான் அங்கே பெண் எடுத்தேன், அவன் இங்கே பெண் எடுத்தான். ஒரே பந்தலில் இரண்டு தாலி, அந்த வருசம் வைகையில் வெள்ளம்.

"இவங்க பிள்ளைங்களுக்கும் மலர்க்கொடிக்கும் ரெண்டு பக்கத் தாத்தா பாட்டியும் ஒண்ணு. கிட்டத்தட்டக் கூடப்பிறந்தவங்க மாதிரி. இவங்களை ஏன் கூட்டிட்டு வரல?"

"அது கட்டிக்குடுத்த வீடும்மா. வேற ரத்தம்."

அவர் சிரிக்கவில்லை. "மூணு பிள்ளைங்கன்னு சொன்னீங்க. ரெண்டு பொண்ணு பேருதான் வாங்கியிருக்கேன். மூணாவது?"

தாளின் ஓரச் சுருக்கத்தை நீவிக்கொடுத்தேன்.

"ஏழு தலைமுறை சொன்னவர் சொந்தத் தங்கச்சி பிள்ளையை மறந்திருக்க மாட்டீங்க ஐயா."

"சோலைராசு," என்றேன்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

தாளில் வெறுமையாக விட்டிருந்த கட்டத்தில் என் விரலை வைத்தேன். அவர் அந்தக் கட்டத்தையும், இரண்டு சாய்வுக் கோட்டையும், என்னையும் பார்த்தார். பேனாவை மூடினார்.

"மூணு வாரம் போயிருச்சு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஜூலை 3, புதன்

சோலை வீட்டை ஒட்டி மாவு மில் வைத்திருக்கிறான். நான் போனபோது மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தான். வாசலில் வீரணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மச்சான். செருப்போட வந்திருக்கீகளா, வெறுங்காலா?"

ஏன் அப்படிக் கேட்டான் என்பதை இப்போது சொல்லத்தான் வேண்டும். தை மாதக் கூட்டத்தில் நான் செருப்பைக் கழற்றிச் சோலையை அடித்தேன். ஒரு அடிதான். ஊர் முழுக்கப் பார்த்தது. "அவரு என்னை அடிக்கலப்பா" என்று கொடி கத்தினாள். அடி வாங்குகிறவள் எல்லாம் அப்படித்தான் சொல்லுவாள் என்று நினைத்தேன். சோலை கன்னத்தைக்கூடத் துடைக்கவில்லை, போய்விட்டான்.

என் தங்கை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மிசினை நிறுத்திவிட்டு வந்தான் சோலை. கண் இமையெல்லாம் மிளகாய்த்தூள்.

"என்ன மாமா."

வழி நெடுக யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "கொடிக்கு உடம்புல ரத்தம் ஊறமாட்டேங்குதுப்பா" என்றேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

வீரணன் எழுந்தான். "வெட்டியாச்சுல்ல? ஒன் பங்காளிக ரத்தம் என்ன ஆச்சு, தண்ணியாப் போச்சா?"

"அப்பா, சும்மா இரிங்க." சோலை என்னைப் பார்த்தான். "அவ கேட்டாளா?"

"அவளுக்கு நான் வந்தது தெரியாது."

"ரத்தம் எங்க குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். அவன் அக்காமார் இருவருக்கும் அவனே போன் போட்டு வரச் சொன்னான்.

பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தான். நான் ஒரு முறை இருமியபோது மட்டும் திரும்பிப் பார்த்தான்.

ஜூலை 12, வெள்ளி

சோலைக்கு முழுசாகப் பொருந்துகிறது. அக்காமார் இருவருக்கும் இல்லை. டாக்டரம்மா படியில் ஓடிவந்து சொன்னார். ஐம்பது வயது அம்மா இப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கொடியிடம் சொன்னபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம்."

"என்னத்தா சொல்ற?"

"அடிக்கலைன்னு நான் சொன்னேன். ஊர்ல ஒருத்தரு நம்பல. அடிக்கலைன்னு அவரு சொல்லவே இல்ல. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை. தொறந்திருந்தா நான் அன்னைக்கே அவரு பின்னால போயிருப்பேன். பேசாத மனுசன்கிட்ட உயிரு வாங்கி நான் என்ன பண்றது?"

கையெழுத்துப் போடாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் வந்துவிட்டால் நாளும் கையில் இருக்காதாம்.

ஜூலை 13, சனி

கொடிக்கு முன்னால் உட்கார்ந்து என் வலக்கையை விரித்துக் காட்டினேன்.

"என் வெரலுதான் ஆத்தா அது. தீபாவளிக்கும் யாரோ தாங்கித்தான் பிடிச்சிருக்கணும்."

"மாடிப்படியில தலைசுத்தி விழப்போனேன். அவரு பிடிச்சாரு. அப்பவே சொன்னேன்ல."

"சொன்ன."

"எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருப்பீக. அதை மட்டும் மறந்துட்டீக."

மறக்கவில்லை. அவள் சொன்ன சொல், நின்ற இடம், கட்டியிருந்த சேலை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நம்பவில்லை, அவ்வளவுதான். ஞாபகம் இருந்து என்ன பயன் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

மத்தியானம் சோலையை உள்ளே வரச் சொன்னாள். என்னை வெளியே போகச் சொன்னாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள்தான் பேசினாள். அப்புறம் அவன் பேசினான், வெகுநேரம். என்ன என்று தெரியாது. வெளியே வந்தவனிடம், அன்றைக்கு ஏனப்பா பேசாமல் போனாய் என்று கேட்டேன்.

"உங்க கையில செருப்பு இருந்துச்சு மாமா. அதுக்கப்புறம் பேசினா அது பயந்து பேசினதாப் போகும்."

கொடி கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நான் கைநாட்டு.

ஜூலை 15, திங்கள்

சின்னையா ஊரிலிருந்து ஒரு சிக்கலைக் கொண்டுவந்தான்.

"அண்ணே, அவன் மஜ்ஜை இவளுக்கு ஏறினா இனி இவளுக்கு ஊறுறது அவன் ரத்தம். ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்னா அண்ணன் தங்கச்சியில்ல? நாளைக்கு ரெண்டும் சேந்து வாழுறேன்னா முறை என்னாகுறது? ஊர்ல கேக்குறாக. நீதான் சொல்லணும்."

"அவுக சேரப்போறதா யாரு சொன்னது?"

"சேரலைன்னா கவலையில்ல. சேந்தா?"

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ரத்தம் மட்டும்தான் மாறும் ஐயா. முடி, தோல், மத்ததெல்லாம் அவளாத்தான் இருப்பா" என்றார். அப்படியானால் முறை ரத்தத்தில் இருக்கிறதா, தோலில் இருக்கிறதா? ஐம்பது வருசம் முறை சொன்னவன் இதை யாரிடம் கேட்பது? சின்னையாவைச் சாப்பிட வைத்து அனுப்பினேன்.

ஜூலை 19, வெள்ளி

கொடியைத் தனி அறையில் போட்டார்கள். அவளுடைய பழைய மஜ்ஜையை முழுக்க அழிக்கிற மருந்து ஏறுகிறது. அதில் ஒன்று குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்ததாம். இதைச் சின்னையாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

எலும்பை அறுத்து எலும்பில் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். காலையில் சோலையைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். மத்தியானம் ஒரு பை வந்தது. ரத்தப் பை போலத்தான், கொஞ்சம் கொழகொழவென்று. கொடியின் நரம்பில் குழாய் வழியாக ஏற்றினார்கள். எலும்புக்கு அதுவே வழி கண்டுபிடித்துப் போய்விடுமாம். எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"அது வீட்டுக்குப் போற வழி அதுக்குத் தெரியும். எப்படித் தெரியுதுன்னு எங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியல," என்றார் டாக்டரம்மா.

படித்தவர்களும் தெரியாது என்று சொல்வது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

ஜூலை 25, வியாழன்

சோலையை வீட்டுக்கு விட்டார்கள். இடுப்பு வலியில் குனிய முடியவில்லை. அறைக்கு வெளியே செருப்பு வரிசையில் அவனுடையது பெஞ்சுக்கடியில் தள்ளிக் கிடந்தது. அதை எடுத்துவந்து அவன் காலுக்கு நேராக வைத்தேன்.

"விடுங்க மாமா, நான் போட்டுக்குறேன்."

"குனியாத."

போட்டுக்கொண்டான்.

ஆகஸ்ட் 3, சனி

வாயெல்லாம் புண். தண்ணீர் இறங்கவில்லை. காய்ச்சல் நூற்றி மூன்று. முடி தலையணையில் கிடக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அதேதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வெள்ளணு நேற்றுவரை எண்ணுவதற்கே இல்லை. இன்று நானூறு. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமையும் வந்து கண்ணாடிக்கு வெளியிலிருந்து நாலு விரலைக் காட்டினார். கொடிக்குப் புரியவில்லை. எனக்கு அந்த நாலு விரலைப் பார்த்ததும் வேறு ஞாபகம் வந்து, சந்தோசப்படவும் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆகஸ்ட் 26, திங்கள்

அவள் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் முழுக்கச் சோலையினுடையதுதான் ஊறுகிறதாம். ரத்த வகையும் ஓ-விலிருந்து பி-க்கு மாறிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தை மட்டும் பார்த்தால் ஆம்பளை ஆள் என்றுதான் காட்டும் என்று புஷ்பராணி சொல்லிச் சிரித்தது. கொடியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. என்னில் பாதி அவளிடம் இருந்ததாகச் சொன்னார்களே, அது எங்கே போயிருக்கும்?

நவம்பர் 4, திங்கள்

நூறு நாள் தாண்டிச் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கொடிக்குத் தலையில் ஒரு விரற்கடை முடி. என்னோடு ஊரில்தான் இருக்கிறாள். மஜ்ஜை கொடுத்தவரையும் பார்க்க வேண்டும் என்றதால் சோலையும் தனியாக வந்திருந்தான். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கொடியின் தூக்குச்சட்டி அதன்மேல் இருந்தது. அதிலிருந்து இருவரும் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தார்கள்.

புஷ்பராணி ஒரு படிவத்தை எடுத்தது. "கொடுத்தவர், நோயாளிக்கு என்ன உறவு? இதை மட்டும் போடாம வச்சிருக்கேன்."

சோலை கொடியைப் பார்த்தான்.

"எங்க அப்பாவைக் கேளுங்க," என்றாள் கொடி. "எங்க ஊர்ல முறை சொல்றது அவருதான்."

டாக்டரம்மாவும் நிமிர்ந்தார். மேசைமேல் அந்தத் தாள் விரித்திருந்தது. ரெட்டைக் கோடு, அதன் குறுக்கே நான் போடச் சொன்ன இரண்டு சாய்வு. மாமன் மகன். புருசன். தீர்த்துவிட்ட புருசன். ஒரே ரத்தம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, எதுவும் சரியாக இல்லை.

"எனக்குத் தெரியலைன்னு போடு ஆத்தா," என்றேன்.

"அப்படிப் போட முடியாதே தாத்தா."

"கொடுத்தவன்னு போடுங்க, போதும்," என்றான் சோலை. எங்கள் பக்கம் பெண் கொடுத்த வீட்டாரைத்தான் கொடுத்தவன் என்போம், பெண் எடுத்தவனை அந்தப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஆனால் அதைவிடச் சரியானது எனக்கும் அகப்படவில்லை.

"அந்தக் குறுக்குக் கோட்டை அழிச்சிரலாமாம்மா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"போடச் சொன்னது நீங்க. அழிக்கச் சொல்ல வேண்டியவங்க அவங்க ரெண்டு பேரும்."

கொடி தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இப்ப அது அப்படியே இருக்கட்டும்," என்றாள்.

திரும்பும்போது பஸ் நெரிசல். படியில் ஏறும்போது பின்னால் வந்தவர்கள் தள்ளியதில் கொடி சாய்ந்தாள். சோலை சட்டென்று அவள் மேல்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். நல்ல பிடி. அவன் ஏறவில்லை, அவன் ஊர் பஸ் வேறு.

நவம்பர் 5, செவ்வாய்

புஷ்பராணி, இதைப் போனில் சொல்கிறேன், எழுதிக்கொள்.

காலையில் கொடி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் சட்டைக் கையையே பார்த்திருக்கிறேன் போல.

"என்னப்பா பாக்குறீக?"

"ஒண்ணுமில்லத்தா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றி, வெளிச்சத்தில் என் முகத்துக்கு நேராக நீட்டினாள். முன்பக்கம் காட்டினாள். உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் பிடித்த இடத்தில் ஒரு தடமும் இல்லை. வெறும் தோல்.

நான் பார்த்து முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.